ஒற்றைச் சொல்

செவ்வாய்க்கிழமை இரண்டரைக்கு
கஞ்சி மணம் இன்னும் வடியாத சாப்பாட்டுக் கூடத்தில்
மேசைகளைச் சுவரோரம் தள்ளுவேன்.
நாற்காலிச் சக்கரங்களை ஒவ்வொன்றாய்ப் பூட்டுவாள் கலினா.
வேதம் வாசிக்கையில்
யாரும் உருண்டு போய்விடக் கூடாதே.

சாரேமா தீவு. நவம்பர்.
நாலு மணிக்கே இருட்டிவிடும்.
சன்னலுக்கு வெளியே ஜூனிப்பர் புதர்களைக்
காற்று ஒரே பக்கமாய் வாரிக்கொண்டிருக்கும்.

நான் போதகர் அல்ல.
மீன் பதனிடும் ஆலையில் கணக்கெழுதியவள்.
சபை ஒரு சிறு பெட்டி தந்திருக்கிறது:
வெள்ளிக் கிண்ணம்,
ஞாயிறன்று ஆசீர்வதித்த அப்பம், ரசம்,
கைப்பிடி உடைந்த மணி.
மற்றதெல்லாம் கலினாவின் அலமாரியிலிருந்து.
கழுத்துத் துண்டு, ஈரத்தாள்,
ரசத்தைக் கெட்டியாக்கும் மாவு.
விழுங்குவது இங்கே பெரிய காரியம்.
நீர்த்தது எதுவும் வழி தவறி
நுரையீரலுக்குள் போய்விடும்,
ஆண்டவரின் இரத்தமானாலும்.

கலினா ஆர்த்தடாக்ஸ் சபைக்காரி.
சிலுவை வரைகையில் வலத்தோளை முதலில் தொடுவாள்.
மாவு கட்டி தட்டாமல் கலக்க
எங்கள் சபையில் ஒருவருக்கும் தெரியாது.

ஹெல்வேக்குக் கண் தெரியாது.
நான் அதிகாரம் தவறினால்
"பதினாலு. பதினைந்து இல்லை" என்று
நாற்காலிக் கையில் தட்டுவாள்.
யூஹானுக்கு முப்பத்துமூன்று வயது.
டிராக்டர் கவிழ்ந்தபின்
அவனை வைத்துப் பார்க்கத் தீவில் வேறு இடமில்லை.
"உன் கடவுளிடம் சொல், பொழுது போகவில்லை என்று."
ஒவ்வொரு வாரமும் இதையே சொல்வான்.
சொல்வதற்காகவே கூடத்துக்கு வருகிறான் என்று நினைக்கிறேன்.
நான் சொல்லியும் இருக்கிறேன்.
பதில் இல்லை.

அப்புறம் எண்டெல்.
முப்பது வருடம் படகுத்துறையில் கயிறு பிடித்தவர்.
மூளையில் ஒரு குழாய் அடைத்த இரவில்
சொற்களெல்லாம் இறங்கிக் கரையேறிவிட,
கப்பலில் எஞ்சியது ஒன்றே ஒன்று:
குரத்.

எங்கள் பாஷையில் சாத்தான்.
சுத்தியல் விரலில் பட்டால் வருகிற சொல்.

முதல் மாதம் அதைக் கேட்கும்போதெல்லாம்
காதுவரை சிவந்தேன்.
பிறகுதான் அதற்கு இலக்கணம் இருப்பது தெரிந்தது.
நுனி ஏறினால் தண்ணீர்.
இழுத்தால் இடுப்பு வலி.
இரண்டு முறை, தாழ்வாக: நன்றி.
சன்னலைப் பார்த்து மூச்சோடு சொன்னால்
பனி விழத் தொடங்கிவிட்டது.
மகளின் புகைப்படத்துக்கென்று அவர் வைத்திருக்கும் குரத்தை
எழுத எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் பரமபிதா ஜெபத்தில்
தீயவனிடமிருந்து விடுவிக்கக் கேட்கும் வரியில்
என் நாக்கு நின்றுவிட்டது.
மறதியா, அசதியா.
காலையில் பன்னிரண்டாம் அறையைக் காலி செய்திருந்தார்கள்.
சுருட்டிய மெத்தை நடையில் கிடந்தது.
அதைத் தாண்டித்தான் வந்திருந்தேன்.

கூடம் காத்திருந்தது.
வெந்நீர்க் குழாய் ஒருமுறை முனகிற்று.
அந்த இடைவெளிக்குள்
ஒரு துறைமுகத்துக்கே கேட்கிற குரலில்
எண்டெல்:
குரத்.

"ஆமென்" என்றாள் ஹெல்வே, பழக்கத்தில்.
"ஆமென்" என்றது பின்வரிசை.
யூஹான் சிரித்தான்.
தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் தொடங்கி,
கண்ணில் நீர் வரும்வரை.
துடைக்க அவனுக்குக் கை எழாது.
கலினா துடைத்தாள், தானும் குலுங்கியபடி.

(அந்த வரியில் வரவேண்டிய பெயரைத்தான்
அவர் எடுத்துக்கொடுத்தார் என்பது
பேருந்தில் திரும்புகையில் உறைத்தது.)

அப்பத்தைக் கெட்டி ரசத்தில் தோய்த்து
எண்டெலின் நாக்கில் வைத்தேன்.
வாயை மூடினார்.
இதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை,
பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர.
சவரத்தில் தப்பிய வெள்ளை மயிர்களுக்கு நடுவே
கழுத்தின் அந்தச் சிறு முடிச்சு
ஏறியது.
நின்றது.
கலினா என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.
நின்றது.

இறங்கியது.

இரண்டு முறை, தாழ்வாகச் சொன்னார்.