மூன்றாவது ஜூன்

மண்வெட்டியில் ஒரே மிதி.
கிழங்கு இரண்டாய்ப் பிளந்தது.
பாதியை மளிகைப் பைக்குள் திணித்து
வேலிக்கு மேலால் நீட்டினாள் கெல்சி.
தபால்காரி. நீட்டிப் பழகிய கை.

"ருபார்ப். இலை நஞ்சு, தண்டு புளிப்பு.
முதல் வருடம் தொடவே வேண்டாம்.
இரண்டாம் வருடம் ஆசைக்கு ஒன்று.
மூன்றாம் வருடம்
உங்களால் தின்று முடிக்க முடியாது."
பிள்ளைகளின் ட்ராம்பொலினுக்கு
அவளுக்கு அந்த இடம் தேவைப்பட்டது.

கராஜ் சுவரோரம் அதை நட்டாள் வதனி.
பக்கத்திலேயே இருபது ஸ்ட்ரோபெரி நாற்று,
அரைவிலை, அரைவாடல்.
முதல் வருடம் பூவைக் கிள்ளிவிட வேண்டுமாம்,
வேர் பிடிக்க.
ஓட்ஸ் ஆலையில் இரவு வேலை முடிந்து
சட்டையெல்லாம் கஞ்சி வாசத்தோடு வந்து
விடியலில் குனிந்து கிள்ளினேன்.
வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் பொட்டு.
நகக்கண்ணில் பச்சை ஏறியது.

"காய்க்க வந்ததைக்
காய்க்காதே எண்டு சொல்லுறீங்கள்"
என்றாள் கதவடியில் நின்று.
இரண்டு நாள்
அந்த வசனத்தை இடித்துக்கொள்ளாமல்
வீட்டுக்குள் நடந்து திரிந்தோம்.

ஒரு பூவை அவள் மறைத்திருந்தாள்.
வைக்கோலை மேலே இழுத்துவிட்டு.
ஜூலையில் ஒரு காலை
மேசையில் கத்தி, தட்டு,
தட்டில் சுண்டுவிரல் நுனியளவு பழம்,
தோள்வரை சிவந்து கழுத்து வெள்ளையாய்.
வெட்டினாள். பெரிய பாதி எனக்கு.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் வருடம் எல்லாம் காய்த்தது.
எல்லாவற்றிலும் ஒரு கடி.
அணில் ஒன்றையாவது முழுதாகத் தின்றிருந்தால்
மன்னித்திருப்பேன்.
ரொபின்கள் வேறு.
மினுங்கினால் குருவி வராது என்று யாரோ சொல்ல
எங்கள் கல்யாண வீடியோ சீடி மூன்றையும்
நூலில் கட்டித் தொங்கவிட்டாள்.
பீட்டர்பரோ வெயிலில்
தாலிகட்டு சுழன்றது,
விருந்து சுழன்றது.
ஒரு ரொபின் அதற்குக் கீழே இருந்து
ஆறுதலாகச் சாப்பிட்டது.

அந்தப் பனிக்காலம் டொக்டர்
என் இரத்தத்தில் சீனியைக் கண்டுபிடித்தார்.

இது மூன்றாவது ஜூன்.
பனி போன கையோடு
மண்ணிலிருந்து சிவப்பு முஷ்டிகள் கிளம்பின.
பிறகு விரிந்தன.
சேம்பிலை தோற்கும் இலை,
என் பெருவிரல் தடிப்பில் தண்டு.
வெட்டக் கூடாது; அடியில் பிடித்து
முறுக்கி இழுக்க வேண்டும்.
ஈரமான 'டொப்' ஒன்றோடு கழன்று வருகிறது
கையில் ஒரு முழம் புளிப்பு.

கெல்சி பை செய்யும் விதம் எழுதித் தந்தாள்:
சீனி ஒன்றரைக் கோப்பை.
வதனி தாளைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
தாளை மடித்துக் காந்தத்துக்குக் கீழே செருகிவிட்டுப்
பருப்பை அடுப்பில் வைத்தாள்.

தண்டு கரைந்து நாராய் அவிழ்ந்தது.
புளி போடவில்லை, தேவைப்படவில்லை.
செத்தல் மிளகாய், உள்ளி, கடுகு.
தாளித்த சத்தத்துக்கு
வேலிக்கு மேலே ஒரு தலை எழும்பியது,
விழுந்தது, மறுபடி எழும்பியது.
கெல்சியின் மகன். துள்ளலுக்கொரு சொல்லாய்க் கேட்டான்:
"அது—"
"என்ன—"
"வாசம்?"

கிண்ணத்தில் சோறும் பருப்பும்
இந்த முறை எங்கள் பக்கமிருந்து போனது.
கெல்சி இரண்டு வாய் தின்றாள்,
முகம் சிவந்தாள்,
தோட்டக் குழாயில் வாய்வைத்துத் தண்ணீர் குடித்தாள்,
கிண்ணத்தைத் திருப்பி நீட்டினாள்,
இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி.

பின்னேரம் ஸ்ட்ரோபெரிப் பாத்தியில்
வலையைத் தூக்கிப் பிடித்தாள் வதனி.
நான் கைவிட்டுப் பறித்தேன்.
வெயில் இன்னும் பழத்துக்குள் இருந்தது, இளஞ்சூடாய்.
காம்பை விரலால் சுண்டிவிட்டு
வாய்க்குள் போட்டேன்.
நாக்கின் மேல் ஒன்று,
பிறகு ஒன்று.

"அஞ்சு" என்றாள்,
டொக்டரின் குரலில்.
பிறகு சீடி ஒன்று நூலில் சிக்கியிருப்பதாக
அந்தப் பக்கம் திரும்பி
அதை அவிழ்க்கத் தொடங்கினாள்,
அவிழ்த்துக்கொண்டே இருந்தாள்,
ஆறாவது என் தொண்டையைத் தாண்டும் வரை.