மூட்டமும் மூட்டையும்

புதுவயலில் முளைப்பாரி கரைத்த இரவு.
மில் ரோட்டு டீக்கடையில்
கிளாஸ் கழுவுகிற தண்ணீர் தீர்ந்த பிறகும்
பேச்சு தீரவில்லை.

எல்லோருக்கும் தெரிந்த பாட்டுதான்.
இந்தப் பக்கத்துக் கல்யாண வீடியோ பாதியில்
மாலை மாற்றும்போது அதுதான் வரும்.
படத்தில் அவள் மலைமேல் நிற்பாள், ஸ்வெட்டர் போடாமல்.
முப்பது வயலின் அவளுக்காகக் குளிரும்.
"பனிமூட்டம் விலக்கி வா" என்பாள்.
அவனும் வருவான்,
வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு ஈரம் படாமல்.

அதைத்தான் இன்றைக்குச்
சருகணி அடைக்கலமேரி பாடினாள்.
வயலின் கிடையாது.
ஓர் உருமி, ஒரு பம்பை, விளிம்பு கீறிய ஜால்ரா.
"நெல்மூட்டை விலக்கி வா" என்றாள்.
கூட்டம் ஒரு கணம் திகைத்தது,
அப்புறம் விசில்.

மைக்செட் சேவுகனுக்குப் பொறுக்கவில்லை.
"எழுதினவன் பனின்னு எழுதியிருக்கான்.
மெட்டுப் போட்டவன் அந்தப் பனிக்காக
எத்தனை ராத்திரி முழிச்சானோ.
பங்களா வீட்டு நிலையைப் பேத்து வந்து
ஆட்டுக்கொட்டாய்க்கு வைக்கிறதா?"

நான் மில் கணக்கு. பி.காம். விடுவேனா?
"அந்த நிலை மட்டும் இங்கேயா முளைச்சது?
பர்மாவுல மரமா நின்னது
கப்பல்ல வந்து நம்ம வெயில்ல காஞ்சு
நம்ம வாசலாச்சு.
இந்த ஊர்ல எவன்யா பனியைப் பார்த்தான்?
மூட்டைன்னா முதுகுக்கே தெரியும்" என்றேன்.
என் பேச்சு எனக்கே பிடித்திருந்தது.
இன்னொரு டீ சொன்னேன்.

உருமியைப் பற்றியும் சொன்னேன்:
வயலின், அழப்போகிறேன் என்று சொல்லிவிட்டு அழும்.
உருமிக்குத் தொண்டை அடைத்த பிறகுதான் பேச்சே வரும்.
"அப்ப உருமிக்குன்னு ஒரு பாட்டை
நீயே எழுதிக் குடேன்" என்றான் சேவுகன்.
பதில் இல்லை. கையில் வடை இருந்தது.
கடித்தேன்.

பார்சல் வாங்க வந்து நின்றிருந்தாள் சிகப்பி,
எங்கள் களத்தில் காலால் நெல் துழாவுகிறவள்.
"கணக்குப்பிள்ளை, ஒண்ணு கேக்கவா?
விடிஞ்சதுலேருந்து அவிச்ச நெல்லு ஆவியில நிக்கேன்.
மூட்டைய எண்ணுறது நீ.
சொமக்குறது எம் புருசன்.
பாட்டுலயாச்சும் பனி பேஞ்சா
ஒனக்கு என்ன நட்டம்?"

சேவுகன் சிரித்தான்.
"நீ சிரிக்காத.
ஒன் பாட்டுல எனக்குக் காலு வைக்க எடமில்ல.
நான் ஆடுனது இதுக்குத்தான்."
பார்சலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.
யார் பக்கம் என்று
இரண்டு பேருக்கும் பிடிபடவில்லை.

அடைக்கலமேரி சம்பளத்தை எண்ணி
முந்தியில் முடிந்துகொண்டிருந்தாள்.
நான்தான் கேட்டேன்:
வார்த்தையை ஏன் மாற்றினீர்கள்,
அதில் ஏதாவது...

"மாத்துனேனா?" என்றாள்.
"கல்லல் பஸ்ஸுல, எஞ்சின் பொட்டி மேல ஒக்காந்து
போக வரக் கேட்டுப் பிடிச்ச பாட்டு.
மூட்டைன்னுதான் காதுல விழுந்துச்சு.
முன்னாடி உள்ளது கியர் சத்தத்துல போச்சு.
வெறும் மூட்டை நல்லாருக்காதேன்னு
நெல்லை நான் போட்டேன்.
ஏன், பாட்டுல வேறயா இருக்கு?"

சேவுகன் வாயெடுத்தான்.
என்ன நினைத்தானோ, சொல்லவில்லை.
முழங்கைக்கும் கட்டைவிரலுக்குமாக
ஒயரைச் சுருட்டத் தொடங்கினான்.

காலையில் மில்லில் லோடு.
ஒரு மூட்டைக்கு ஒரு கோடு நான் போட வேண்டும்.
களத்தில் சிகப்பி.
நெல்லைக் கீறிப் போகிற கால்கள்
உருமி அடியில் விழுந்தன,
இழுத்து, நிறுத்தி, இழுத்து.
வாய் மட்டும்
பனிமூட்டம் பனிமூட்டம் என்றது.
அந்த மாதிரி அதை யாரும் பாடியதில்லை.

நூற்றுப் பதினேழா, பதினெட்டா?
"விட்டுப்போச்சு" என்றேன்.
"எறக்கித்தான் எண்ணணும்" என்றான் டிரைவர்.
அவள் புருசன் ஒன்றும் சொல்லவில்லை.
தலைத்துண்டை அவிழ்த்து உதறினான்,
உமி பறந்தது,
மறுபடி கட்டிக்கொண்டான்.