செவிச் சோதனை

நாகர்கோவில்.
முன்னாள் படைவீரர் மருத்துவமனையில்
கண்ணாடிக் கூண்டு.
"சத்தம் கேட்டா பொத்தானை அமுக்குங்க,"
கதவைச் சாத்தினாள் ஜெபஷீலா.

வலது காது
ஆறு பீரங்கிகளோடு அந்த மேட்டிலேயே நின்றுவிட்டது.
இடதில் கொஞ்சம் மிச்சம்.

பதினொரு கிலோமீட்டர் முன்னால், பாறையிடுக்கில்,
முகம் பார்த்திராத காலாட்படைக்காரன்.
திருவட்டாறு என்று
ரேடியோவில் பேச்சே சொன்னது.
"இடது ஐம்பது. கூட்டு நூறு."
பிறகு, "நூறு குறை."
பிறகு, மெதுவாக,
"இன்னும் ஐம்பது குறை, மக்கா."

வரைபடத்தில் விரல் வைத்தேன்.
அவன் படுத்திருந்த இடம்.

"தெரியும்டே. போடு."

போட்டோம்.

பொத்தானை அமுக்கினேன்.
கதவு திறந்தது.
"இன்னும் நான் ஒண்ணும் போடலியே, சார்."