கணுக்கால் அளவு

திரா ஆற்றில் தண்ணீர் பார்த்து நாலு வருடமாயிற்று.
மலையடியிலிருந்து வரும் சுரங்க வாய்க்காலில்
பதினோரு நாளுக்கொரு தரம் என் முறை.
இந்தத் தடவை இஷாவுக்குப் பிறகு வந்தது.

மேல்மடை என்னுடையது.
கடைமடை பாஸூவுடையது.

பாஸூவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.
என் குதிரைமசாலை மேய்ந்த அவன் ஆட்டைக்
கட்டிவைத்ததற்காக
ஸகோரா கோர்ட்டுக்கு என்னை ஏழு தரம் நடக்கவிட்டவன்.
என் மகள் இத்தோவின் திருமணத்தில்
வயிறாரச் சாப்பிட்டு எழுந்து
கொஞ்சம் உப்பு அதிகம் என்றவன்.

சட்டம் சின்னது.
மதீனாவில் வெள்ளமிறங்கும் ஒரு பள்ளத்துக்கு
நபி சொன்ன அளவு:
மேலே இருப்பவன் கணுக்கால் நனையும்வரை தேக்கலாம்,
பிறகு கீழே விட்டுவிட வேண்டும்.
படி வேண்டாம், கயிறு வேண்டாம், கடிகாரம் வேண்டாம்.
எல்லாருடைய காலிலும்
எலும்பாகவே இருக்கிறது அளவுகோல்.

பேரீச்சை நிழலில் வாற்கோதுமை
வாய் பிளந்து கிடந்தது.
தண்ணீர் விரலைத் தொட்டது, புறங்காலில் ஏறியது.
அப்போது நான்
ஒரு மண்கட்டியின்மேல் ஏறி நின்றேன்.
சும்மாதான். கால் சேற்றில் புதையாதிருக்க.
குனிந்து பார்த்தால்
கணுக்காலுக்கு இன்னும் நாலு விரல் இருக்கிறது!
பொய்யில்லை. என் கால்தான், அதே தண்ணீர்தான்.
கொஞ்ச நேரத்தில் இன்னும் பெரிய கட்டி ஒன்றைக்
கண்கள் தேடின.
விட்டிருந்தால் பேரீச்சையின் உச்சியில் நின்றுகூடச்
சட்டத்தைக் காப்பாற்றியிருப்பேன்.

யாரும் பார்க்கவில்லை.
அவன் பார்க்கிறான் என்பது
எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தே நின்றேன்.

கட்டிதான் முதலில் கரைந்தது.
சத்தமில்லாமல், குதிகாலின் கீழ்,
ஊறி, நெகிழ்ந்து, தன் இடத்துக்குப் போய்ப் படிந்தது.
கீழ்ப்படிதல் என்ற சொல்லை
உள்ளங்காலால் அன்றுதான் கேட்டேன்.
கணுக்காலைத் தாண்டி
இரண்டு விரல் குளிர்.

அந்த இரண்டு விரல் பாஸூவுடையது.

மண்வெட்டியால் மடையை உடைத்தேன்.
இருட்டுக்குள் தண்ணீர் இறங்கிப் போனது.
கீழே ஒரு இருமல்.
விழித்துத்தான் இருந்திருக்கிறான்,
என்னை நம்பாமல். அவன் நம்பாததும் சரிதான்.

தீர்ப்பை ஏற்றால் மட்டும் போதாதாம்,
ஏற்றவன் நெஞ்சில் நெருடலும் கூடாதாம்.
எனக்கு நெருடுகிறது.
செருப்புக்குள் புகுந்த பரல்போல
உப்பு அதிகம், உப்பு அதிகம் என்று.
கை திறந்த மடையை
நெஞ்சு இன்னும் திறக்கவில்லை.
அதற்கு எந்த இடத்தில் வெட்ட வேண்டுமென்று
எனக்குப் பிடிபடவில்லை.

பஜ்ருக்குப் பாங்கு கேட்டது.
வாய்க்காலில் மிச்சமிருந்த ஈரத்தில்
ஒளுச் செய்தேன். முகம், கை, தலை,
கடைசியில் கால்.
அதற்கும் எல்லை கணுக்கால்தான்.

பள்ளியில் பிந்தி வந்து
என் வலப்பக்கம் நின்றவன் காலில்
சேறு கழுவிய ஈரம்.
நிமிர்ந்து பார்க்கவில்லை.
தொழுகை முடிந்து ஸலாம் சொல்ல
முகத்தை வலப்பக்கம் திருப்பியாக வேண்டும்.

திருப்பினேன்.