நாலாம் நிமிடத்து இருமல்

சிம் லிம் ஸ்குவேர், நாலாவது மாடி.
படிக்கட்டு தானாய் ஏற்றிவிடும் நேரத்தில்
சுண்டுவிரலால் இரண்டு காதையும் துடைத்துக்கொண்டேன்,
மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுபோல.

வெய் சியாங் மூன்றை எடுத்து வைத்தான்.
கறுப்பு, நூற்று அறுபது வெள்ளி.
சாம்பல், நானூற்றுச் சொச்சம்.
மூன்றாவதன் விலையை வாயால் சொல்லவில்லை,
அட்டையைத் திருப்பிக் காட்டினான்,
எக்ஸ்ரே காட்டும் மருத்துவர்போல.

சோதிக்க உங்கள் பாட்டு இருக்கிறதா, அங்கிள்?

இருந்தது.
தேக்கா பக்கம் ஒரு சிறிய கூடத்தில்
எட்டு வருடத்துக்கு முன் நானே பதிந்த வயலின்.
ரெக்கார்டர் என் மடியில்.
இடப்பக்க நாற்காலியில் துரைக்கண்ணு.

பூன் லேயில் ஓர் அறையைப் பகிர்ந்தோம் நாங்கள்,
ஒரு சோற்றுப்பானையை, ஒரு குடையை,
பிறகு ஒரு கடனை.
கடன் மட்டும் சரியாகப் பங்கு பிரியவில்லை.
ஆறு வருடமாகப் பேச்சில்லை.

நாலாம் நிமிடம் சஹானா இறங்கி வருகையில்
வில் திரும்புகிற இடுக்கில்
யாரோ இருமுவார்கள்.
என் கைபேசியில் அது வெறும் புள்ளி.
அந்தப் புள்ளிக்குத் துரைக்கண்ணு என்று
பெயர் வைத்திருந்தேன்.
எவரிடமும் சொன்னதில்லை.

வெய் சியாங் ஒரு சின்ன மீட்டரை வைத்து
மூன்றின் சத்தத்தையும் ஒரே அளவாக்கினான்.
துளி கூடினாலும்
அதுதான் உசத்தி என்று சொல்லிவிடும் அங்கிள்,
காது ஒரு பொய்க்காரன்.

கறுப்பு.
மிருதங்கம் மேசையைத் தட்டியது.
வயலின் உச்சியில் நெகிழிப்பை கசங்கியது.
இருமல், கதவு மூடும் வேளையில்
ரயிலை விட்டு இறங்கிய ஒருவன்:
பார்ப்பதற்குள் இல்லை.

சாம்பல்.
சுவர்கள் தள்ளி நின்றன.
தம்புரா தரையோடு படர்ந்தது.
இருமலுக்கு உடம்பு வந்தது,
சட்டை தெரியவில்லை, ஆனால் ஆள்.
இதுவே போதும் என்று எழுந்திருக்கலாம்.
எழவில்லை.

மூன்றாவது.
வில்லிலிருந்து பிசின்பொடி உதிர்வது கேட்டது.
குளிர்சாதனத்தின் அடித்தொண்டை கேட்டது.
யாரோ மூச்சுவிட்டார்கள், மிக அருகில்.
நான்தான்.
எட்டு வருடம் இளைய மூச்சு.

நாலாம் நிமிடம்.
இருமல் வந்தது. வலப்பக்கம், பின்வரிசை.
ஒரு பெண்.
கூடவே வளையல்,
மிட்டாய்த் தாளைப் பிரிக்கும் சரசரப்பு.

இடப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில்
ஒன்றுமில்லை.

மறுபடி வைத்தேன்.
ஒன்றுமில்லை.
யாரென்றே தெரியாத ஒருத்தியிடம்
ஆறு வருடமாக
மனசுக்குள் சண்டை போட்டிருக்கிறேன்.

மூன்றாம் முறைதான் பிடிபட்டது.
தம்புராவுக்கும் அடியில்,
சுருதிக்குக் கொஞ்சம் கீழே நின்று,
சீராக,
குறட்டை.

கடையில் உரக்கச் சிரித்துவிட்டேன்.
கேபிள் பார்த்துக்கொண்டிருந்த பையன் திரும்பினான்.
தூங்கியிருக்கிறான் படுபாவி!
அன்று ரயிலில் பூன் லே வரை
சஹானாவைப் பற்றி எனக்கு வகுப்பெடுத்தவன்!

இந்த ஓசை, என்று கேட்டேன்,
மற்ற இரண்டில் வருமா?

முதலில் வராது, அங்கிள்.
இனி வரும்.

கறுப்பை எடுத்துத் தந்தான்.
மிருதங்கம் மேசையைத் தட்டியது.
நெகிழிப்பை கசங்கியது.
இடப்பக்கம், தெளிவாக, குறட்டை.

காதைப் பற்றி அவன் சொன்னது ஞாபகம் வந்தது.
இருக்கட்டும் என்று
நூற்று அறுபது வெள்ளியை எண்ணி வைத்தேன்.
நல்ல தேர்வு என்றான்,
எல்லாரிடமும் சொல்கிற குரலில்.

ரோச்சோர் நிலையத்தின் நீண்ட படிகளில்
இறங்கிக்கொண்டே கேட்டேன்.
நாலாம் நிமிடத்துக்கு முன்பும் அவன்தான்,
பின்பும் அவன்தான்.
ரயில் இரைந்துகொண்டு வந்தது.
எல்லாரும் சத்தத்தைக் கூட்டும் இடம் அது.
நான் இரண்டு புள்ளி குறைத்தேன்,
எழுந்துவிடப் போகிறான் என்று.