உட்பிரிவு

கிருஷ்ணகிரி, சேலம் சாலை,
டயர்க் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
ஆனி மாதம். ஏசி பழுது.
மாங்கூழ் ஆலையின் வாடை ஜன்னல் ஏறி வந்து
விசைப்பலகை மேல் பிசுபிசுப்பாய் உட்காருகிறது.
நான் பனியாற்றுக்கு ஓரம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று நாடுகள் வரைந்த மூன்று கோப்புகள்,
ஒரே கிடங்கில் சேர வேண்டும்.
ஒன்றில் அளவு மீட்டர், ஒன்றில் பாகை,
மூன்றாவதில் என்னவென்று
வரைந்தவரே எழுதவில்லை.
அதைத் திறந்த அன்று இமயமலை முழுவதும்
ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துக் கடலில்
கடுகளவு புள்ளியாய்க் கிடந்தது.
நாகரத்னா வயிறு நோகச் சிரித்தாள்,
அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.
விளக்கு வைக்கும் நேரத்துக்குள்
மலையைத் தூக்கி மலை இருக்கும் இடத்தில் வைத்தோம்.

ஒரே பனியாற்றுக்கு மூன்று எண்கள்.
பெயர் என்ற கட்டத்தில்
ஒருவர்: இல்லை.
ஒருவர்: தெரியாது.
ஒருவர் காலியாகவே விட்டிருக்கிறார்.
மூன்றையும் ஒன்றாக்கு என்கிறது வேலைத்தாள்.
இல்லாததும் தெரியாததும் ஒன்றா?
கேட்டு மின்னஞ்சல் போட்டு
அரை நாள் காத்திருந்தேன்.
ஒன்றல்ல என்று பதில் வந்தது.
அந்த ஊர் தெரியாத ஆளை எனக்குப் பிடித்துப்போனது.

கோட்டின் மேல் கோடு வைத்தால் பொருந்துவதில்லை.
இடையில் நகக்கீறல் அகலத்தில்
யாருக்கும் சேராத துண்டுகள், ஆயிரக்கணக்கில்.
எனக்கு இது பழக்கம்.
பர்கூர் பக்கம் எங்களுக்கு இரண்டேகால் ஏக்கர்.
அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவே ஒன்றரை அடி.
அ-பதிவேடு ஒன்று சொல்லும், புலப்படம் ஒன்று சொல்லும்,
வேலிமுள் தன் பாட்டுக்கு ஒன்று சொல்லும்.
பதினோரு வருடமாக வாய்தா.
அங்கே ஒரு கோடு ஜெயித்தால்
மற்றது பொய்.

புதன்கிழமை ஃபர்ஹானா கூப்பிட்டுக் காட்டினாள்:
பழைய கோடு மேலே முடிகிறது.
பதினாலு வருடம் கழித்து வரைந்தது
எண்ணூறு மீட்டர் கீழே.
பனி வளர்ந்திருக்கிறதே அக்கா?
அவள் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட.

படத்தைப் பெரிதாக்கினேன்.
சாம்பல் நிறம். வெறும் கல்.
வேப்பனப்பள்ளி குவாரியில் இரண்டு வருடம்
எடைச்சீட்டு எழுதியவள் நான்.
தரையில் கிடக்கும் கல் வேறு,
எதன் மேலோ கிடக்கும் கல் வேறு.
கழிவு மேட்டில் கால் வைத்தால்
உள்ளே பொள்ளல் என்று பாதம் சொல்லிவிடும்.
இந்தக் கல்லுக்கு நடுவே
வட்ட வட்டமாய்க் குட்டை நீர்,
ஓரிடத்தில் வெட்டுப்பட்டதுபோல் கரிய விளிம்பு.
கீழே பனிதான்.
முதல் ஆள் கல்லைப் பார்த்துத் தரை என்று நின்றுவிட்டார்,
இரண்டாம் ஆள் கல்லுக்கு அடியில் இறங்கிவிட்டார்.
வளர்ந்தது பனி இல்லை.

இரண்டையும் கழித்துப் பார்த்தால் மட்டும்
கணக்கு கூசாமல் சொல்லும்: கூடியிருக்கிறது.
நாளைக்கு அதை எவனாவது எடுத்து
மேடையில் வாசிப்பான்.

எதை அழிப்பது?
விதியைப் புரட்டினேன். எதையும் இல்லை.
ஒவ்வொரு கோடும் தனித்தனி வரியில்:
எந்த நாளின் படம், வரைந்தது யார்,
கல் மூடிய பகுதி சேர்ந்ததா இல்லையா,
எவ்வளவு தவறியிருக்கலாம்.
அந்தக் கடைசிக் கட்டத்தை
மூன்று நாட்டுக்காரர்களுமே நிரப்பியிருந்தார்கள்.
நான் எத்தனையோ தாலுகா அலுவலகப் படி ஏறியிருக்கிறேன்,
அப்படி ஒரு கட்டம் பார்த்ததில்லை.

குறிப்பு எழுதி, ஒரே எண்ணின் கீழ்
இரண்டு கோட்டையும் கட்டி,
சரிபார்த்தவர் இடத்தில் என் முதலெழுத்துகளைப் போட்டேன்.

ஏழு மணிக்கு அப்பா போன்.
பதினாலாந்தேதிக்குத் தள்ளிட்டாங்கம்மா.
நீ என்ன பண்ணே இன்னைக்கு?
ரெண்டு பேர் கோடும் இருக்கட்டும்னு எழுதினேன்.
அது எப்படி? நெலம் யாருக்கு?
நெலம் இல்லப்பா. பனி.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அப்ப சரி, என்றார், அது உருகிடும்.
ஆமாம்ப்பா.
அதுக்குத்தான் தேதி போடறோம்.