பதினைந்து நிமிடம்

வெய்க்காவின் முன்கையில் பேனாவால் எண்கள் எழுதுகிறேன்.
எண்ணுக்கொரு துளி, துளிக்கொரு குத்து.
பிறகு பதினைந்து நிமிடம்
சொறியக் கூடாது.

ஒரு வயதில் முட்டை மட்டும் எழும்பியது,
கொசுக்கடி அளவு.
ஐலா அழுதாள்.
பிள்ளை என் அடையாள அட்டையைச் சப்பிக்கொண்டிருந்தான்.

நாலு வயதில் முட்டை சொல்லாமல் போய்விட்டது.
அந்த இடத்தில் பூனை.
"எங்கள் வீட்டில் பூனையே இல்லையே" என்றாள்.
மழலையர் பள்ளியில், பக்கத்துக் கொக்கியில்,
எந்தப் பிள்ளையின் கம்பளிச் சட்டை தொங்கியதோ.

ஏழில் பிர்ச் மரம்.
மூன்று மில்லிமீட்டர்.
தும்மல் இல்லை, கண்ணில் நீர் இல்லை.
அந்த மே மாதமும் யோயென்சூ ஏரிக்கரையில்
மஞ்சள் தூள் படிந்த சைக்கிளில் சுற்றினான்.
ரத்தம் மட்டும் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டது,
வட்டிக்கு விட்டவனைப் போல.

அதே கஞ்சி, அதே மெத்தை, அதே தூசு.
அக்கா ஆவாவின் கையில் ஒன்றுமே எழவில்லை.
ஏன் என்று கேட்கிறார்கள்.
சில காரணங்கள் சொல்வேன்.
சொல்லும்போதே அவை அந்த வீட்டுக்குப் பொருந்தாமல் நழுவும்.

பன்னிரண்டில் ஆப்பிளைக் கடித்தான்,
உதடு அரித்தது.
மரத்தின் மேலிருந்த பகை பழத்தின் மேல் விழுந்தது,
முகச்சாயல் பார்த்து
ஆள் மாறி அடிப்பதுபோல.

இன்று பதினாறு. என்னைவிட ஒரு சாண் உயரம்.
அளவுகோலை என் கையிலிருந்து வாங்கித்
தானே வைத்துப் பார்க்கிறான்.
"பதினொன்று" என்கிறான்,
மதிப்பெண் சொல்வதுபோல், கொஞ்சம் பெருமையாக.

ஜன்னலுக்கு வெளியே இன்னும் பனி.
பிர்ச் பூக்க
ஆறு வாரம் இருக்கிறது.